துணைவர் வன்முறை: மருத்துவர் அறியும் விதம்
கணவரோ காதலரோ அடித்ததைச் சொல்லிக்கொண்டு மருத்துவமனைக்கு வருபவர் குறைவு. தலைவலி, தூக்கமின்மை என்றோ, படியில் வழுக்கி விழுந்ததாகவோதான் வருகிறார்கள். சொல்லும் காரணத்தோடு பொருந்தாத காயம், அடியைத் தடுக்க உயர்த்திய முன்கையில் கன்றிய தடம், நோயாளிக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் உடன்வந்தவர் ஆகியவை ஐயத்தை எழுப்ப வேண்டும். கழுத்து நெரிப்பு மிக ஆபத்தானது. வெளியே தடமே இல்லாமலும் இருக்கலாம். குரல் கம்மல், விழுங்கும்போது வலி, கண்வெள்ளையில் செம்புள்ளிகள் உள்ளனவா என்று தேடிப் பார்க்க வேண்டும். விசாரிப்பது தனிமையில்தான், உறவினரை மொழிபெயர்க்க வைக்கவே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2013 வழிகாட்டுதல்கள், பழிக்காமல் கேட்பதையும் பாதுகாப்பைக் கூட்டுவதையும் முதலுதவியாகவே கருதுகின்றன. ‘ஏன் இன்னும் அவரோடு இருக்கிறாய்?’ என்ற ஒரு கேள்வி போதும், நோயாளி வாய் திறக்கமாட்டார். இந்தியாவில் 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் மருத்துவமனைகள் சிகிச்சை அளிப்பதைக் கடமையாக்குகிறது. பெண்களுக்கான உதவி எண் 181.