ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வண்டலூர் மகிழுந்தின் வரலாறும் பராமரிப்பும்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட சிறிய மகிழுந்து. அம்பாசடர், பியட் ஆகியவற்றோடு இந்தியச் சாலைகளில் அக்காலத்தில் ஓடிய மூன்றாவது முக்கிய மகிழுந்து இதுவே. தயாரித்த ஆலை 1988இல் மூடப்பட்டது. அதன்பின் எஞ்சிய வண்டிகளைக் காப்பாற்றி வருவது உரிமையாளர்களும் பழைய மெக்கானிக்குகளும் செய்யும் பராமரிப்புதான். அதில் கவனிக்க வேண்டிய இடங்கள் பலவும் இந்த வண்டி உருவான வரலாற்றோடு தொடர்புடையவை.

தோற்றம்

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1948இல் பிரிட்டனின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கூட்டுறவோடு தொடங்கப்பட்டது. வான்கார்டு, ஸ்டாண்டர்டு 10 ஆகிய வண்டிகளுக்குப் பிறகு ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் 1959இல் டிரையம்ப் என்ற பெயரில் வெளியான இவ்வண்டியின் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலொட்டி. இந்தியாவில் இது ஸ்டாண்டர்டு என்ற பெயரிலேயே விற்கப்பட்டது. இதன் எஞ்சின் 948 சிசி கொள்ளளவு கொண்டது.

பிரிட்டனில் இரண்டு கதவுகளோடு வந்த ஹெரால்டுக்கு, குடும்பத்தோடு பயணம் செய்யும் இந்திய வாடிக்கையாளருக்காக வண்டலூரில் நான்கு கதவுகள் அமைக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் இதன் முகப்பும் பின்புறமும் மாற்றப்பட்டு கேசல் என்ற பெயரில் வெளிவந்தது. கேசல் உற்பத்தி 1977இல் நின்றது. ரோவர் வண்டியின் உடலில் பழைய வான்கார்டு எஞ்சினைப் பொருத்தி 1985இல் வெளியிட்ட ஸ்டாண்டர்டு 2000 சந்தையில் தோற்றது. அதோடு ஆலையும் மூடப்பட்டது.

சட்டகமும் துருவும்

1950களில் பெரும்பாலான நிறுவனங்கள் சட்டகமும் உடலும் ஒன்றான அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் தனிச் சட்டகத்தோடு வந்ததற்குக் காரணம் உண்டு. ஸ்டாண்டர்டுக்கு உடற்பகுதி செய்து தந்த பிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. எனவே உடலைப் பல துண்டுகளாக வெவ்வேறு ஆலைகளில் செய்து, சட்டகத்தின்மீது போல்ட்டுகளால் பூட்டும் முறை தேர்ந்தெடுக்கப்பட்டது.

இன்று அதனால் பழுதுபார்ப்பு எளிதாகிறது. அரித்த தகட்டை மட்டும் கழற்றி மாற்றலாம். முன்மூடி முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்து திறப்பதால் எஞ்சினையும் முன் சக்கர அமைப்பையும் குனியாமலே பார்க்கலாம். ஆனால் சட்டகத்திலிருந்து இருபுறமும் நீளும் கைகளில் சேறு தங்கித் துருப்பிடிக்கும். கடலோர ஊர்களில் இது விரைவாக நடக்கும். மழைக்காலம் முடிந்ததும் அடிப்பகுதியைக் கழுவி, நன்கு காயவிட்டு, துருத்தடுப்புப் பூச்சு அடிப்பது நல்லது. வெளியே பளபளக்கும் வண்டியை வாங்கும்முன்கூட இந்தக் கைகளைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

முன் சக்கரமும் பின் அச்சும்

ஹெரால்டில் உயிருக்கே ஆபத்தான இடம் முன் சக்கரத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள டிரன்னியன். செங்குத்தான எஃகுத் தண்டின் மரை, வெண்கலத் துண்டு ஒன்றுக்குள் திரும்பும் அமைப்பு இது. இதற்கு கிரீஸ் போடக்கூடாது. தடித்த கியர் ஆயிலையே செலுத்த வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை பரவாது. அங்கே நீர் தங்கித் தண்டை அரிக்கும். ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும். "எல்லா இடத்துக்கும் கிரீஸ்" என்று பழகிய கடைகளில் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் அசையும் வகையில் அமைந்தவை. வேகமாக வளைவில் திரும்பும்போது திடீரென ஆக்சிலேட்டரை விட்டாலோ பிரேக் அடித்தாலோ பின்சக்கரம் உட்பக்கம் சாய்ந்து பிடிப்பை இழக்கலாம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பதுதான் முறை. கேசலில் இந்த அமைப்புக்குப் பதில் ஒரே இறுகிய அச்சு பொருத்தப்பட்டது.

எரிபொருள்

இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக உருவானது. வெளியேற்று வால்வுகளின் இருக்கைகளை ஈயம் தேய்மானத்திலிருந்து காத்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுகிறது. எனவே எஞ்சினைப் பிரிக்கும்போது கடினப்படுத்திய வால்வு இருக்கைகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த மாற்றம் எத்தனால். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் அறிமுகமானது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். காற்றின் ஈரத்தையும் ஈர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வதும், டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேங்கவிடாமல் இருப்பதும் அவசியம். வாரம் ஒருமுறை எஞ்சின் நன்கு சூடாகும்வரை ஓட்டினால் கார்புரேட்டரும் மின்கலமும் நல்ல நிலையில் இருக்கும்.

பிரேக்கும் மின்னமைப்பும்

பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி உலோகக் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். வண்டி ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயிலை அதில் ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதி, பிரேக் செயலிழக்கும்.

அக்காலப் பிரிட்டிஷ் வடிவமைப்புகள் பலவற்றில் மின்கலத்தின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறு. மின்கலம், வானொலி, மின்னணு எரியூட்டி எதை மாற்றினாலும் முதலில் இணைப்பைச் சரிபார்க்க வேண்டும்.

அசல் தன்மையும் பதிவும்

ஒன்றிய அரசு 2021 ஜூலையில் பழமையான வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு விதிகளை வெளியிட்டது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு "வி.ஏ." என்ற எழுத்துகள் கொண்ட எண் வழங்கப்படும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும். இவ்வண்டிகளை அன்றாடப் பயணத்துக்குப் பயன்படுத்த முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கே சாலையில் ஓட்டலாம்.

சட்டகம், உடல், எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்பது இவ்விதியின் முக்கிய நிபந்தனை. செலவைக் குறைக்க வேறு வண்டியின் எஞ்சினை ஹெரால்டில் பொருத்துபவர் இந்தத் தகுதியை இழக்க நேரிடும். டிரையம்ப் ஹெரால்டுக்கான இயந்திரப் பாகங்கள் பலவற்றை இன்றும் பிரிட்டனிலிருந்து வரவழைக்கலாம். வண்டலூரில் மட்டுமே உருவான நான்கு கதவு உடலின் பாகங்களுக்கு அப்படி வழியில்லை. ஆகவே பழைய கதவையோ தகட்டையோ எடைக்குப் போடாமல் சீர்செய்து பயன்படுத்துவதே அதன் தமிழ்நாட்டு வடிவம் அழியாதிருக்க வழி.