முறையீடு பொறுமைக்கு முரணா?

1956ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் விடியற்காலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில் அரியலூரைக் கடந்து கல்லகத்தை எட்டுமுன் மருதையாற்றில் வீழ்ந்தது. பெருமழையின் வெள்ளம் பாலத்தை அரித்துவிட்டிருந்தது. எஞ்சினும் முன்பெட்டிகளும் ஆற்றில் கவிழ, 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன் மஹபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதே பதவி விலக முன்வந்து நேருவால் தடுக்கப்பட்ட ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி, இம்முறை விலகியே தீர்ந்தார். அரியலூர் 2007இல் மீண்டும் தனி மாவட்டமான நாளும் அதே நவம்பர் 23 என்பது தற்செயலே.

இத்தகைய பேரிடர்களின் பின்னர் நம் மஹல்லாக்களில் தவறாது ஒலிக்கும் ஒரு சொல் உண்டு: "தக்தீர், பொறுத்துக்கொள்ளுங்கள்." சொல் சரியானதே. ஆனால் அது சொல்லப்படும் இடமும் முறையும் நம்மை உறுத்துகின்றன. மகனைப் பறிகொடுத்த தாய் கையேந்தி, "யா அல்லாஹ், என்னால் தாங்க முடியவில்லையே" என்று கதறினால், ஈமானில் குறை வந்துவிட்டதாக அவளை அதட்டும் பெரியவர்கள் உளர். கன்னத்தில் அறைந்துகொள்வதையும் சட்டையைக் கிழித்துக்கொள்வதையும் அறியாமைக் கால ஒப்பாரியையும் நபிகள் நாயகம் (ஸல்) தடுத்துள்ளார்கள். அதில் கருத்து வேற்றுமை இல்லை. அத்தடையை இறைவனிடம் வைக்கும் முறையீட்டுக்கும் நீட்டுவதற்கு ஆதாரம் என்ன?

திருமறையின் யூசுஃப் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். மகனின் இரத்தம் தோய்ந்த சட்டையைக் கண்ட யஃகூப் (அலை) அவர்கள் 'ஸப்ருன் ஜமீல்' என்னும் அழகிய பொறுமையைத் தமது நிலையாக அறிவிக்கிறார்கள் (12:18). அவர்களே பின்னர், கவலையால் கண்கள் வெளுத்த நிலையில், தமது துயரத்தையும் துக்கத்தையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறுகிறார்கள் (12:86). 'ஷக்வா' என்னும் முறையீட்டின் வேரிலிருந்தே அங்கு வினைச்சொல் ஆளப்பட்டுள்ளது. இவ்விரண்டும் ஒரே நாவிலிருந்து வந்தவை. படைப்புகளிடம் முறையிடுவதே அழகிய பொறுமைக்கு ஊறு, படைத்தவனிடம் முறையிடுவது அன்று என இப்னு தைமிய்யா இதனை விளக்கியுள்ளார். அய்யூப் (அலை) அவர்களும் தம்மைத் துன்பம் தீண்டியதை இறைவனிடம் எடுத்துரைத்தார்கள் (21:83). அவர்களையே இறைவன் பொறுமையாளர் எனப் புகழ்கிறான் (38:44).

இவர்கள் நபிமார்கள், நமக்கு எப்படிப் பொருந்தும் என்பாருக்கு 58ஆம் அத்தியாயத்தின் முதல் வசனம் விடை கூறும். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) நபியாகவோ ஆட்சியாளராகவோ இருந்தவரல்லர். கணவன் ளிஹார் செய்து கைவிட்டதால் நொந்துபோன ஒரு குடும்பப் பெண். அவர் நபியவர்களிடம் வாதாடி, அல்லாஹ்விடம் முறையிட்டார். அம்முறையீடு கேட்கப்பட்டதாக வசனம் இறங்கியது. அவரை அதட்டும் ஒரு சொல்லும் அங்கில்லை. தாயிஃபில் கல்லடிபட்ட நபியவர்கள் தமது பலவீனத்தையே இறைவனிடம் முறையிட்ட துஆ நம்மிடையே பெரிதும் அறியப்பட்டது. அதன் அறிவிப்புத் தொடரில் ஹதீஸ் கலையினர் குறை கண்டிருப்பதால் நாம் அதன்மீது வாதத்தை நிறுத்தவில்லை. பத்ரில் மேலாடை நழுவும்வரை கையேந்தி மன்றாடியது முஸ்லிமில் பதிவாகியுள்ளது, அதுவே போதும்.

ஹிஜ்ரி 4ஆம் ஆண்டு பிஃரு மஊனாவில் குர்ஆன் ஓதுவோர் எழுபதுபேர் வஞ்சகமாகக் கொல்லப்பட்டபோது, நபியவர்கள் ஒரு மாதம் தொழுகையில் குனூத் ஓதினார்கள். ரிஃல், தக்வான், உஸய்யா எனக் குற்றமிழைத்த குலங்களைப் பெயர்கூறி முறையிட்டார்கள். இங்குதான் தக்தீரைப் போர்வையாக்குவோர் நின்று சிந்திக்க வேண்டும். கொலையுண்டோரின் விதி அல்லாஹ்வின் அறிவில் இருந்ததை நபியவர்களை விட நன்கறிந்தவர் யார்? எனினும் கொன்றவரின் பொறுப்பு அந்த அறிவினால் கரைந்துவிடவில்லை. அரியலூரில் வெள்ளம் இறைநாட்டம்தான். பாலத்தைக் காக்கும் பொறுப்பு மனிதருடையது. பதவி விலகிய அமைச்சர் அதனை அறிந்திருந்தார்.

பேரிடர்க் காலக் குனூத்தை ஐவேளைத் தொழுகையிலும் ஓதலாம் என்பது ஷாஃபிஈ நிலை. ஃபஜ்ரில் ஓதுவதே ஹனஃபியரிடம் அறியப்பட்டது. எதிரியைப் பெயர்கூறுவதில் எச்சரிக்கையும் வேண்டும். 1751இல் இப்பகுதியின் வாலிகண்டபுரத்தில், இரஞ்சன்குடிக் கோட்டையருகே, பிரெஞ்சுத் துணையுடன் சந்தா சாகிபும் ஆங்கிலத் துணையுடன் முஹம்மதலியின் தரப்பும் மோதியபோது இருபுறமும் கிப்லாவை நோக்குவோர் நின்றனர். எவர்மீது குனூத் ஓதுவது?

தமிழ் முஸ்லிம்கள் இம்முறையீட்டுக்கெனத் தனி இலக்கிய வகையே கண்டவர்கள். 'முனாஜாத்' என்னும் சொல் தனிமையில் மெல்ல உரையாடுவதைக் குறிக்கும் அரபு வேரிலிருந்து வந்தது. தமிழில் அது முனாஜாத்து ஆயிற்று. குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களில் இறைவனை நோக்கிய ஏக்கமும் உரிமையோடு கூடிய வழக்கும் கலந்தே நிற்கின்றன. உருதுவில் இக்பால் லாகூரில் 'ஷிக்வா'வைப் படித்தபோது அதன் துணிவைக் கண்டு கடுமையாகச் சாடியோர் இருந்தனர். 1913இல் 'ஜவாபே ஷிக்வா' வந்தது. இறைவனைப் பற்றிப் பிறரிடம் குறைகூறுவதும் இறைவனிடமே குறைகூறுவதும் வேறு வேறு என்பதைச் சாடியோர் பலர் பிரித்துப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

உமர் (ரலி) அவர்கள் ஃபஜ்ருத் தொழுகையில் யூசுஃப் அத்தியாயம் ஓதி, யஃகூப் (அலை) அவர்களின் அம்முறையீட்டை எட்டியபோது விம்மினார்கள். அவ்விம்மல் கடைசி வரிசையில் நின்ற தமக்குக் கேட்டதாக அப்துல்லாஹ் பின் ஷத்தாத் அறிவித்ததைப் புகாரி பதிவு செய்துள்ளார்.