மண்ணுக்கே மீளும் புரவிகள்

கலை என்றவுடன் காலத்தை வென்று நிற்பதையே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். புதுக்கோட்டை மாவட்டம் என்றால் சித்தன்னவாசல் ஓவியமும் குடுமியான்மலை இசைக் கல்வெட்டும் நம் நினைவில் எழுவது அதனால்தான். அதே மண்ணில், தன் அழிவைத் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டு பிறக்கும் கலை ஒன்றும் உண்டு. அய்யனாருக்கு நேர்ந்து விடப்படும் சுடுமண் புரவிகளே அக்கலை.

நமணசமுத்திரம், இளங்குடிப்பட்டி முதலிய ஊர்களின் அய்யனார் கோயில்களில் இப்புரவிகள் வரிசை வரிசையாய் நிற்பதை இன்றும் காணலாம். இரவில் ஊர்க்காவல் செல்லும் அய்யனாருக்கு ஊர்தியாகட்டும் என்பது மக்களின் நம்பிக்கை. மழை வேண்டியும், பிணி நீங்கவும், பிள்ளைப்பேறு வேண்டியும் புரவி நேர்ந்துகொள்கிறார்கள்.

புரவி செய்யும் பணி ஒரு பிடி மண்ணில் தொடங்குகிறது. ஊரார் கூடி வேளாரிடம் 'பிடிமண்' கொடுப்பர். அதை வாங்கிய நாள் முதல் அவர் செய்வது தொழில் மட்டுமன்று, வழிபாடும் ஆகும். பல ஊர்களில் வேளாரே அய்யனாருக்குப் பூசாரியாகவும் விளங்குகிறார். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து பிசைந்து, கால், உடல், கழுத்து, தலை எனப் படிப்படியாக வளர்த்து, உலர்த்திச் சுட்டு, வண்ணம் தீட்டுவர். இறுதியில் கண் திறக்கப்படும். அதன்பின் ஊரே திரண்டு புரவியைச் சுமந்து செல்வதே 'புரவி எடுப்பு'.

கோயிலில் வைத்துப் படையலிட்டபின் அப்புரவியைப் பேணுவார் எவருமில்லை. வெயிலும் மழையும் அதைச் சிறுகச் சிறுகக் கரைக்கின்றன. உடைந்ததை ஒட்டவைக்க யாரும் முனைவதில்லை. நேர்த்தி நிறைவேறியது, புரவியின் கடமையும் முடிந்தது.

இம்மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ பழங்குடியினர், நோயுற்றவரைக் குணமாக்க வண்ண மணலால் தரையில் ஓவியம் தீட்டுகின்றனர். நோயாளி அதன்மேல் அமர்கிறார். சடங்கு முடிந்ததும் ஓவியம் கலைக்கப்படுகிறது. வாஷிங்டன் மேத்யூஸ் என்னும் ராணுவ மருத்துவர் 1887இல் வெளியிட்ட நூலில் இவ்வோவியங்களைப் படிகளாகப் பதிவு செய்தார். பின்னர் ஹாஸ்டீன் கிளா என்ற நவஹோ குருவே அவற்றைக் கம்பளங்களில் நெய்தார். மறைந்துபோவதைக் காக்கும் விருப்பம் ஒருபுறமும், கலைக்கப்பட வேண்டியதை நிலைநிறுத்தலாமா என்ற அச்சம் மறுபுறமுமாக அம்மக்கள் தவித்தனர். விற்பனைக்காக ஓவியம் செய்வோர் பலர், புனிதம் கெடாதிருக்க வடிவங்களைச் சற்று மாற்றியே செய்கின்றனர்.

நம் புரவிகளுக்கு வந்துள்ள சோதனை வேறு வகையானது. ஊர்கள் பல இன்று சுடுமண்ணைக் கைவிட்டுச் சிமென்ட்டை நாடுகின்றன. சிமென்ட் குதிரை பல்லாண்டு நிற்கும். செலவும் ஒருமுறையோடு முடியும். இது குற்றமன்று. ஆயினும் புரவி அழியாதபோது புதிய புரவிக்குத் தேவை எழுவதில்லை. மீண்டும் பிடிமண் கொடுக்கும் நாள் வருவதில்லை. தந்தையின் கைத்திறன் மகனுக்குச் செல்லும் வாய்ப்பும் அத்துடன் அற்றுப்போகிறது. பொருளை நிலைக்கச் செய்யும் முயற்சியே கலையை நிலைகுலையச் செய்வது எத்துணை விந்தை!

புதுக்கோட்டையில் 1910இல் தொடங்கப்பெற்ற அருங்காட்சியகம் பழமையைக் காத்துவரும் பணி போற்றுதற்குரியது. ஆனால் புரவிக் கலையைக் கண்ணாடிப் பேழை மட்டும் காத்துவிட முடியாது. கீரமங்கலத்தை அடுத்த குளமங்கலம் அய்யனார் கோயிலில் இதற்கொரு விடை கிடைக்கிறது. அங்கே 30 அடிக்கும் மேல் உயர்ந்த பெருங்குதிரை நிலையாக நிற்கிறது. எனினும் ஒவ்வொரு மாசி மகத்தன்றும் மக்கள் கொண்டுவரும் காகிதப் பூமாலைகள் அதனை மூடிவிடுகின்றன. அம்மாலைகள் அழியும், அடுத்த ஆண்டு மீண்டும் கட்டப்படும்.

மரபு என்பது பொருளில் இல்லை, மீண்டும் செய்யும் கைகளில் இருக்கிறது. அக்கைகளுக்கு வேலை கொடுப்பதே நாம் அம்மரபுக்குச் செய்யும் மரியாதையாகும். வேளார் கையில் ஊரார் வைக்கும் ஒரு பிடி மண்ணுக்கு அவ்வளவு கனம் உண்டு.