முகவரியின் வரலாறு

பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வழியே நடப்போர் ஒரு பாடம் கற்கலாம். இங்கிலாந்துப் பிரதமர் பிட்டின் பெயரால் முன்னாளில் இது பிட் தெரு எனப்பட்டது. ஹொக்கியன் சீனர் இதன் ஒரு பகுதியைத் 'தென்னையடி' என்னும் பொருள்படத் தம் மொழியில் அழைத்தனர். 1801ஆம் ஆண்டளவில் காதிர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசலே இன்றைய பெயருக்குக் காரணம். பெயர்கள் பல, நிலம் ஒன்றே. இரண்டையும் பிணைக்கும் பட்டியல் அஞ்சற்காரர் நெஞ்சில் இருத்தல் வேண்டும்.

கணினியின் நினைவகமும் இத்தகையதே. நிரல் கூறும் முகவரி வேறு. நினைவகத்தின் உண்மை இடம் வேறு. இரண்டையும் பக்கம் பக்கமாக இணைப்பது ஓர் அட்டவணை. ஒரு பக்கம் பெரும்பாலும் 4,096 பைட் அளவினது. ஓர் இயந்திரத்தைப் பல இயந்திரங்கள்போற் பகிர்ந்தளிக்கும் ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை மென்பொருளுக்கு இவ்வட்டவணையே உயிர்.

அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்கக் கேம்பிரிட்ஜில் 1964இல் தொடங்கிய முயற்சி, 1972இல் வி.எம்./370 என வெளிவந்தது. அதே 1972இல்தான் இன்டெல் நிறுவனம் நம் பாயான் லெப்பாசில் ஆலை திறந்தது. 2003இல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 'ஸென்' மென்பொருளை இன்டெல் வகைச் செயலிகளுக்கென வெளியிட்டனர்.

32 பிட் முகவரி ஏறத்தாழ 429 கோடி பைட்டுகளையே சுட்டவல்லது. நினைவகம் அதனினும் மிகுந்தபோது, வேண்டிய பக்கத்தை மட்டும் இணைத்து, பயன்படுத்தி, விடுவிக்கும் முறை தேவைப்பட்டது. 64 பிட் செயலிகளிலோ நினைவகம் முழுவதையும் நிலையாக இணைத்துவிடலாம். ஆங்கு அம்முறை வெறும் கணக்காகச் சுருங்கிவிடும். 2013இல் வந்த ஸென் 4.3 பதிப்பு, இன்டெல் வகை 32 பிட் மேற்பார்வைக்கு விடைகொடுத்து, ஆர்ம் செயலிகளை வரவேற்றது. ஆயினும் 32 பிட் ஆர்மும் உடன்வந்தமையால் பழைய தேவை மறையவில்லை.

ஈண்டு ஒரு வினா எழுகிறது. பொது நிரலுள் "நீ இன்டெல்லா, ஆர்மா?" எனப் பெயர் கேட்டே வழிபிரிப்பதா? அவ்வாறாயின், 2010இல் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் போன்ற புதியது வரும்போதெல்லாம் பொது நிரலைத் திருத்த வேண்டும். ஆதலின், பெயரை விடுத்துத் தேவையையே அமைப்புப் பட்டியலில் ஒரு தெரிவாக வைத்தனர். பக்கங்களை இணைக்கத் தனிமுறை வேண்டும் செயலி அதனைத் தெரிவு செய்யும். அதற்குரிய நிரல் சேரும். வேண்டாததற்கு நேர்வழி உண்டு. பொது நிரலில் ஓரெழுத்தும் மாறாது.

ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்ததும் இதுவே: மாணவன் எந்தத் தோட்டத்தான் என வினவாதே, அவனுக்கு யாது தேவை என வினவு. யான் அதனை என்றும் வழுவாது கடைப்பிடித்தேன் எனச் சொல்லத் துணியேன். பெயர்ப்பட்டியலால் அமைந்த விதி, பின்வருவோரை வாசலிலேயே நிறுத்தும். தேவையறிந்து அமைந்த விதி அவர்க்கும் இடமளிக்கும். சீனர் கோயிலும் பள்ளிவாசலும் அமைந்து, மாரியம்மன் கோயிலும் அருகே விளங்கும் இச்சாலை, அவ்வுண்மையை நெடுங்காலமாக உரைத்து நிற்கின்றது.