புண்ணின் வரலாறும் ஏழைகளின் அறிவும்

சத்திர சிகிச்சையின் வரலாற்றை எழுதுவோர் பெரும் வைத்தியர்களின் பெயர்களையே வரிசைப்படுத்துவர். வைத்தியசாலையே மரணத்தை விளைவிக்கக்கூடும் என்பதை, வைத்தியர்களிற் பலர் ஏற்க மறுத்த காலத்திலேயே உணர்ந்திருந்த ஏழைக் குடும்பங்களுக்கு அவ்வரிசையில் இடமில்லை.

வியன்னாப் பொது வைத்தியசாலையில் இரண்டு இலவசப் பிரசவ விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்திய மாணவர்களும் இரண்டாவதில் மருத்துவிச்சிகளும் பயிற்சி பெற்றனர். 1841 முதல் 1846 வரையில் முதல் விடுதியில் 100 தாய்மாரில் ஏறக்குறைய 10 பேர் மாண்டனர். இரண்டாவதில் 4 பேர். ஏட்டிலிருந்த இவ்வேறுபாட்டை நகரத்து ஏழைப் பெண்களும் அறிந்திருந்தனர். முதல் விடுதியிற் சேர்க்கவேண்டாமென முழந்தாளிட்டு மன்றாடினர். வழியிலேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அவர்களை அக்காய்ச்சல் அரிதாகவே தீண்டியது.

கற்றோரிற் பலர் காற்றைப் பழித்தனர். பெண்களின் பயமே நோய்க்குக் காரணம் என்றுங்கூடச் சொன்னார்கள். தெருவிற் பிரசவித்தோர் தப்பியதை ஓர் ஆதாரமாகக் கொண்டு சிந்தித்தவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847 இல் அவருடைய நண்பர் கொலெச்கா, பிரேத பரிசோதனையின்போது மாணவரொருவரின் கத்தி விரலிற் பட்டு, நோயுற்று இறந்தார். தாய்மாரைக் கொன்ற நோயின் அடையாளங்களே அவ்வுடலிலும் காணப்பட்டன. பிணத்தை அறுத்த கையே தாயையும் தொட்டது! குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலிற் கைகழுவும்படி செம்மல்வைஸ் பணித்தார். ஏப்பிரலில் 100 க்கு 18 ஆயிருந்த மரணம் யூனில் 2 ஆகக் குறைந்தது. ஆயினும் தம் கையே குற்றவாளி என ஏற்கப் பல வைத்தியர்களுக்கு மனம் வரவில்லை.

1865 ஆகஸ்ட் 12 இல், கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சில்லேறிக் காலொடிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணுக்குக் காபோலிக் அமிலம் இட்டார். புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. மறுநாள், வியன்னாவில் மனநோயாளர் விடுதியொன்றில், செம்மல்வைஸ் புண் அழுகி இறந்தார்.

வீட்டறிவெல்லாம் சரியானதென்று நாம் சொல்லவில்லை. புண்ணிலே சாணமும் சாம்பலும் அப்பிய வழக்கம் பல நாடுகளில் ஏற்புவலிக்கு வழி திறந்தது. அநுபவம் கேள்வியை எழுப்பும். விஞ்ஞானம் காரணத்தைக் காட்டும். இவை ஒன்றையொன்று அவமதித்தபோது உயிரிழந்தவர்கள் ஏழைகளே.

இன்று சத்திர சிகிச்சைக்குப் பின்னர் நோயாளர் விரைவிலே வீடு திரும்புகின்றனர். புண்ணிற் கிருமி தொற்றுவது பெரும்பாலும் 30 நாட்களுக்குள் வெளிப்படும். பரவும் சிவப்பு, வீக்கம், சீழ், காய்ச்சல் என்பவற்றை முதலிற் காண்பவர்கள் வீட்டாரே. அவ்வடையாளங்களை அவர்களுடைய மொழியிலே கற்பிப்பதும், “புண் சரியில்லை” என்று அவர்கள் வந்து சொல்லும்போது செவிமடுப்பதும் வைத்தியத்தின் கடமைகள். அக்கடமையைக் கேட்டுப் பெறும் துணிவை மக்களுக்கு ஊட்டுவது ஆசிரியர்களும் மாணவர்களுமாகிய நம் பணி.