அளாப்பாமல் ஏமாத்துறது: 304இன் கவிழ்த்த துரும்பு

பாத்திரம் ஏற்று ஆடுற மேசை விளையாட்டு ஒண்டை எழுத வெளிக்கிட்டால், தடுக்கி விழுற இடம் ஏமாத்து. 1974இல் வந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' தான் இந்த வகைக்கு முன்னோடி. அதின்ட 2014 பதிப்பில, பொய் சொல்ல நினைச்சால் கட்டையை உருட்டவேணும். எண் கூட வந்தால் எதிராளி நம்பிவிட்டான் எண்டு அர்த்தம். ஆனால் மேசையில இருக்கிற ஒருத்தரும் உண்மையில ஏமாறேல்லை.

இதுக்கு விடை எங்கட வீடுகளில கிடக்கு: 304.

கொழும்பு 1656 முதல் 1796 வரை ஒல்லாந்தர் கையில இருந்தது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து வுல்பெண்டால் தேவாலயம் அந்தக் காலத்துக் கட்டடம். அவை விட்டுப்போன இன்னொண்டு சீட்டுக்கட்டுக்குள்ள இருக்கு. நாங்கள் கலாவரை, இஸ்கோப்பன் எண்டு சொல்லுறதும், சிங்கள ஆக்கள் கலாபர, இஸ்கோப்ப எண்டுறதும் ஒல்லாந்தச் சொற்களில இருந்து வந்தவை. விளையாட்டும் உறவுதான். ஒல்லாந்தரின்ட கிளாவர்யாஸிலும் நாலு பேர், ரெண்டு சோடி, 32 சீட்டு. அங்க துரும்பில மட்டும் ஜாக்கும் ஒன்பதும் மேல. 304இல எல்லா இனத்திலும் மேல. ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராசா 3, ராணி 2. ஒரு இனத்துக்கு 76, நாலுக்கும் 304. பேரே கணக்குத்தான்.

ஆனால் கிளாவர்யாஸில துரும்பு எல்லாருக்கும் தெரியும். 304இல, முதல் நாலு சீட்டைப் பாத்துக் கேள்வி கேட்டு வெண்டவர், துரும்பைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மிச்ச நாலு சீட்டு. இறக்கின இனம் உங்களிட்ட இல்லையோ, நீங்களும் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்புக்காரர் அதை எடுத்துப் பாப்பார். துரும்பெண்டால் வெட்டு, எல்லாம் வெளிச்சத்துக்கு வரும். இல்லையெண்டால் சீட்டு கவிழ்ந்தபடியே கிடக்கும். உங்களிட்ட அந்த இனம் இல்லை எண்டது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

இதுக்குள்ள மூண்டு விதி இருக்கு. மறைச்ச பொருள் மேசையிலேயே, கண்ணுக்கு முன்னால கிடக்குது. பிறகு மாத்த ஏலாது. ஏமாத்தப் பாக்கிறவருக்கும் விலை உண்டு. கடைசியில எல்லாம் திறபடும், ஆரும் சரிபாக்கலாம்.

இந்த மூண்டும் இல்லாத ஏமாத்துக்கு எங்கட ஊரில வேற பேர்: அளாப்பல். அளாப்பியோட அடுத்த ஆட்டம் ஒருத்தரும் இருக்கமாட்டினம். நல்லா ஏமாத்தினவரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவினம்.

ஆகவே, புது விளையாட்டு எழுதுறவை கட்டையை ஒருக்கா ஓரமா வைக்கலாம். துரோகியின்ட ரகசியத்தை ஒரு சீட்டில எழுதி, தொடக்கத்திலேயே மேசையில கவிழ்த்து வையுங்கோ. சந்தேகப்படுறவர் அதைத் திறக்கக் கேக்கலாம். பிழைச்சால் ஏதாவது இழக்கவேணும். அப்ப ஏமாறுறது பாத்திரம் இல்லை, முன்னால இருக்கிற ஆள். பெயர்களும் எண்களும் கடல் கடந்து வந்தவையா இருக்கலாம். ஏமாந்த பிறகும் அதே மேசையில சேர்ந்து சிரிக்க வைக்கிறது அந்தக் கவிழ்த்த சீட்டுத்தான்.