அணியும் மிகையும்: சென்னைக் கலை இயக்கத்தில் அலங்காரத்தின் பொருள்

முன்னுரை

‘அலங்காரமானது’ என்னும் சொல் நவீனக் கலை விமர்சனத்தில் பெரும்பாலும் குறைகூறும் சொல்லாகவே வழங்கி வந்துள்ளது. கண்ணுக்கு இனியது, கருத்தில் மெலிந்தது என்பது அதன் உட்பொருள். 1960களில் வலுப்பெற்ற சென்னைக் கலை இயக்கத்தின் கோட்டு முதன்மையும் நுண்வேலைப்பாடும் இச்சொல்லால் மதிப்பிடப்பட்டதுண்டு. அம்மதிப்பீட்டின் வேரையும் போதாமையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இரு கருத்துநிலைகள்

வியன்னாவின் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், 1910இல் ‘அலங்காரமும் குற்றமும்’ என்னும் தலைப்பில் உரையாற்றினார். பண்பாடு வளரும்போது பயன்பாட்டுப் பொருள்களிலிருந்து அலங்காரம் நீங்கும் என்பது அவர் கருத்து. அவ்வாதத்திற்குப் பொருளியல் அடிப்படையும் உண்டு. அலங்காரம் வீணான உழைப்பு. அதனால் வீணாவது பொருளும் பணமும் என்றார்.

இதற்கு நேர்மாறான கருத்தை ஆனந்த குமாரசுவாமி 1939இல் முன்வைத்தார். அணியைக் குறிக்கும் சொற்கள் பலவும் தொடக்கத்தில் ஒரு பொருளை அதன் பணிக்குத் தகுதியாக்குதலையே குறித்தன என்று அவர் காட்டினார். ‘அலங்காரம்’ என்பதன் முதல் உறுப்பாகிய ‘அலம்’, போதும் என்னும் நிறைவுப் பொருளுடையது. தண்டியலங்காரம் அணியைச் செய்யுளின் இலக்கணமாக வகுப்பதும் இக்கருத்துடன் ஒப்பிடத்தக்கது.

ஜானகிராமின் உலோகத் தகடு

பி.வி. ஜானகிராமின் கணபதி, கிறிஸ்து முதலிய சிற்பங்கள் தட்டி உருவாக்கிய உலோகத் தகடுகளால் ஆனவை. முன்புறப் பார்வைக்கென அமைந்தவை. தகட்டின்மேல் பற்றவைத்த கம்பிகளே கண்ணையும் ஆடையையும் அணிகலனையும் வரைகின்றன. தெய்வத் திருமேனிகளுக்குச் சாத்தும் கவசத்தை இவ்வமைப்பு நினைவூட்டுகிறது. ஆயினும் கவசத்தின் உள்ளே திருமேனி உண்டு; இங்கோ கவசமே உருவம். கம்பி வேலைப்பாட்டை நீக்கினால் எஞ்சுவது வளைந்த தகடு மட்டுமே. ஆகவே இதனை உருவத்தின்மேல் ஏற்றப்பட்ட மிகை எனல் பொருந்தாது.

சோழமண்டலத்தின் இரு பட்டறைகள்

சென்னைக் கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில், 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றியது. ஓவியம் விற்று வாழ இயலாத சூழலில், மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணி முதலான கைவினைப் பொருள்களைக் கலைஞர்கள் செய்து விற்றனர். கிராமத்திற்கான நிலமும் அவ்வருவாயால் வாங்கப்பட்டது. லோஸ் வீண் என ஒதுக்கிய உழைப்பே இங்கு நவீன ஓவியத்திற்கு முதலாயிற்று.

எனினும் அக்கலைஞர்கள் இரு பணிகளையும் ஒன்றாகக் கருதவில்லை. பாத்திக் வாழ்வாதாரம், ஓவியம் கலை என்னும் பிரிவினை அவர்களிடமும் நிலைத்தது. பிற்கால வரலாறுகளும் பெரும்பாலும் ஓவியத்தை விரிவாக ஆராய்ந்து, பாத்திக்கைப் பொருளாதாரக் குறிப்பாகவே கடந்து செல்கின்றன.

முடிவுரை

மேற்குறித்த இரு சான்றுகளும் வெவ்வேறு முடிவுகளைத் தருகின்றன. ஜானகிராமின் சிற்பம் குமாரசுவாமியின் விளக்கத்திற்கு அரண் செய்கிறது. பாத்திக் துணியோ, அலங்காரம் தாழ்ந்தது என்னும் படிநிலை மரபைப் போற்றிய கலைஞர்களிடையிலும் தொடர்ந்ததைப் புலப்படுத்துகிறது. எனவே ‘அலங்காரம் நம் மரபு’ என்று பெருமை கொள்வதால் மட்டும் சிக்கல் தீராது. ஒரே கை வரைந்த கோடு ஓவியத்துணியில் கலையாகவும் பாத்திக்கில் சரக்காகவும் கொள்ளப்பட்டது எவ்வாறு என்பதைச் சென்னைக் கலை வரலாறு விளக்கியாக வேண்டும். அதற்கு அத்துணிகளும் ஓவியங்களுக்கு இணையான சான்றுகளாகத் தொகுக்கப்பட்டு ஆராயப்பட வேண்டும்.